ஆடிக் குளிரில் டிராக்கன்ஸ்பெர்க் முகாம்: நடுங்காமல் தூங்க ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் ஆனியும் ஆடியும் நடுக் குளிர்காலம். டர்பன் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் அதே வாரங்களில், மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் அடிவாரத்தில் புல்வெளி முழுக்க உறைபனி பூத்துக் கிடக்கும். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களும், முதன்முறையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டென்டில் தங்கப் போகும் டர்பன், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா குடும்பங்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரைப் பார்த்தவர்களாகவே இருக்கட்டும், அதை நாம் பார்த்தது விடுதி அறையில், மெத்தை மேல். திறந்த வெளியில் தரையில் படுப்பது முற்றிலும் வேறு.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனான ஸ்லீப்பிங் பேக்கை வாங்குவது. அந்தப் பணத்தில் பாதி வீண். வாங்க வேண்டிய வரிசையே வேறு. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதல் இரவுக்கான இடத்தையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நகரமே ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூலை இரவுகளில் வீட்டுப் புல்தரையிலேயே உறைபனி விழும். ஆகவே முதல் சோதனையை லெனேசியாவிலோ லாடியத்திலோ சொந்த வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் தாங்கவில்லை என்றால் பத்து அடியில் வீட்டுக் கதவு. டர்பன்காரர்களுக்கு இது உதவாது. சாட்ஸ்வர்த்தில் ஜூலை இரவு பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேலேயே நிற்கும், அங்கே நன்றாகத் தூங்கியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த படி, காரை டென்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தக்கூடிய முகாம் மைதானம். ஃப்ரீ ஸ்டேட்டில் கோல்டன் கேட் தேசியப் பூங்காவின் க்ளென் ரீனன் முகாம் இதற்கு மிகப் பொருத்தம். உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர், குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம், குளியலறையும் உண்டு. குவாசுலு-நட்டால் பக்கம் ராயல் நட்டாலின் மஹாய், மாங்க்ஸ் கவுல், இன்ஜிசுத்தி ஆகியவை நல்ல முகாம்கள். இவை கோல்டன் கேட்டைவிடத் தாழ்வானவை, குளிரும் கொஞ்சம் குறைவு.

மலையின் மேல் விளிம்பு 3,000 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவார முகாமில் இரவு 2 டிகிரி என்றால் மேலே அது மைனஸ் 8 வாக்கில் இருக்கும், காற்றும் சேர்ந்துகொள்ளும். முதல் குளிர்காலத்தில் மேலே போய்ப் படுக்காதீர்கள். அடிவாரத்தில் இரண்டு மூன்று முறை நன்றாகத் தூங்கிய பிறகு போகலாம், மலை எங்கேயும் போகாது.

மாதத்தைப் பொறுத்தவரை, மே பழகுவதற்கு ஏற்றது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை கடுங்குளிர். செப்டம்பர் வந்தாலே வசந்தம் என்று நம்பிவிட வேண்டாம்: 2024 செப்டம்பரில் பெய்த பனியில் வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் சாலையிலேயே சிக்கிக்கிடந்தன.

2. முன்பதிவு, ஆவணங்கள், செலவு

கோல்டன் கேட், தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் சான்பார்க்ஸ் நிர்வாகத்தின் கீழ் வருகிறது. டிராக்கன்ஸ்பெர்க் முகாம்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோ கேஇசட்என் வைல்ட்லைஃப் வசம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வரும் பள்ளி விடுமுறைக்கும், ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதிக்கும் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சில மாதங்கள் முன்பே பதியுங்கள்.

செலவு இரண்டு பகுதியாக வரும், இதைக் கவனிக்காமல் பலர் வாயிலில் திகைக்கிறார்கள். முகாம் இடத்துக்கான கட்டணம் ஒன்று. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் மற்றொன்று. சான்பார்க்ஸில் முகாம் இடத்தின் அடிப்படைக் கட்டணம் முதல் இருவருக்கு மட்டும்தான், கூடுதலாக வருபவர்களுக்குத் தனி. கட்டணப் பட்டியல் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று மாறும். பழைய பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: முன்பதிவு உறுதிச் சீட்டின் அச்சுப் பிரதி (மலையடிவாரத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது), ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஒவ்வொருவருக்கும் அடையாள ஆவணம். தென்னாப்பிரிக்க அடையாள அட்டை காட்டினால் உள்நாட்டுக் கட்டணம், இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணம். வித்தியாசம் பல மடங்கு. வேலை விசாவில் இருப்பவர்கள் தங்களுக்கு எது பொருந்தும் என்று பதியும்போதே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலையும் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரை விட்டு நடந்துபோய் மலையில் தங்குவதாக இருந்தால் வேறு விதிகள். இரவுத் தங்கலுக்கு அனுமதி பெற வேண்டும். அலுவலகத்தில் உள்ள மலை மீட்புப் பதிவேட்டில் பெயர்கள், பாதை, டென்டின் நிறம், திரும்பும் நாள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் அதே பதிவேட்டில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், மறந்தால் உங்களைத் தேடி ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள்: ஒருவருக்கு முடியாமல் போனால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் உதவிக்கு இறங்க. மலையில் எங்குமே நெருப்பு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். இந்தப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்கள் உள்ள குகைகளில் தங்கவும் கூடாது.

இன்னொரு பொறி. மலை விளிம்பின் அந்தப் பக்கம் லெசோத்தோ என்ற தனி நாடு. கோல்டன் கேட் வரை வந்தவர்கள் பனி பார்க்கும் ஆசையில் காலடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்குப் போய் வர நினைப்பார்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு லெசோத்தோ விசா தேவையா, உங்கள் தென்னாப்பிரிக்க விசா மறுபடி உள்ளே வர அனுமதிக்கிறதா, இரண்டையும் பார்க்காமல் எல்லைக்குப் போகாதீர்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால் வெளியே போனதோடு அது தீர்ந்தது.

பயணச் செலவில் சாலைச் சுங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து மாங்க்ஸ் கவுலுக்கு மரியன்ஹில், மூயி ரிவர் சாவடிகள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஹாரிஸ்மித் வழியே வந்தால் டி ஹூக், வில்கே. மாலை 3 மணிக்குள் முகாமில் இருக்கும்படி கிளம்புங்கள். ஜூனில் 5 மணி கடந்தால் சூரியன் போய்விடும். இருட்டில் விண்டர்டன், பெர்க்வில் சாலைகளில் மாடுகளும் குழிகளும் தெரியாது.

3. முதலில் மேட், பிறகுதான் மற்றதெல்லாம்

உடம்புச் சூட்டைத் தக்கவைப்பது துணியல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. நாம் படுத்ததும் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி, வருடக்கணக்கில் படுத்து அமுங்கிய இலவம்பஞ்சு மெத்தை போலத் தட்டையாகிவிடும். உள்ளே காற்று இல்லை என்றால் காப்பும் இல்லை. மைனஸ் 10க்கு வாங்கிய பேக்காக இருந்தாலும் முதுகுக்குக் கீழே அதற்கு வேலை கிடையாது. இரவு முழுக்கத் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது பைக்கு அடியில் விரிக்கும் மேட் மட்டும்தான்.

மேட் உறையில் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடக் காப்பு கூடும். 2 சென்டிமீட்டர் வாக்கில் உள்ள நல்ல ஃபோம் மேட் சுமார் 2 தரும். சூப்பர்மார்க்கெட்டில் சுருட்டி விற்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய மேட் அதில் பாதிகூடத் தராது. பூஜ்யத்தை ஒட்டிய இரவுக்கு 4 வேண்டும். மைனஸ் 5க்குக் கீழே போகுமென்றால் 5க்கு மேல்.

இதில் ஒரு நல்ல செய்தி: ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் மதிப்புகள் கூடும். 2 உள்ள இரண்டு ஃபோம் மேட்கள் சேர்ந்து 4 ஆகும். ஒரு ஃபோம் மேட் சில நூறு ராண்ட்தான். ஆர் 4க்கு மேல் உள்ள ஊதும் மேட் சில ஆயிரம் ராண்ட் ஆகும். எடை குறைவு, மெத்தென்றும் இருக்கும், ஆனால் பொத்தல் விழுந்தால் ஒன்றுமில்லை. காரில் போகிறவர்கள் இரண்டு ஃபோம் மேட்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊதும் மேட் வாங்கினாலும் அதன் கீழே ஒரு ஃபோம் போடுங்கள். முள் குத்தாது, குத்தினாலும் இரவு தப்பிக்கும். அதை வாயால் ஊதாமல் பம்ப் பையால் நிரப்புங்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கி உறையும்.

விருந்தாளி வந்தால் விரிக்கும் அந்தப் பெரிய காற்று மெத்தையைக் கொண்டுபோகாதீர்கள். குடும்பங்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். உள்ளே காப்பு எதுவும் இல்லாமல் காற்று மட்டும் இருப்பதால், அது தாராளமாகச் சுழன்று மேல் சூட்டைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். மடக்குக் கட்டிலும் அப்படித்தான். அடியில் குளிர்காற்று ஓடும், அதன் மேல் ஃபோம் போடாமல் படுத்தால் தரையைவிட மோசம்.

4. ஸ்லீப்பிங் பேக் உறையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பையின் வெளியே பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 அல்லது அதற்கு முந்தைய இஎன் 13537 முறைப்படி சோதித்த பை என்றால் மூன்று வெப்பநிலைகள் தரப்பட்டிருக்கும். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துத் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் முடங்கிப் படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிர் தப்பும் அளவு, அதில் தூக்கத்துக்கு இடமே இல்லை. கம்ஃபர்ட் 0 உள்ள பையில் எக்ஸ்ட்ரீம் மைனஸ் 20ஐத் தாண்டியும் இருக்கலாம். விலை மலிவான பைகளில் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும். எதிர்பார்க்கும் இரவைவிட 5 டிகிரி கூடுதல் குளிருக்கு எடுங்கள். கோல்டன் கேட் ஜூலைக்கு கம்ஃபர்ட் மைனஸ் 5 நியாயமான தேர்வு. இந்தச் சோதனைகளும் அடியில் மேட் போட்டு, தெர்மல் உடை அணிவித்துச் செய்யப்படுபவைதான். மூன்றாம் படியைச் சரியாகச் செய்யாதவர்களுக்கு இந்த எண்ணால் பயனில்லை.

இறகுப் பை லேசானது, நன்றாக அமுங்கும், ஆனால் நனைந்தால் பயனற்றது. செயற்கைப் பஞ்சு கனமானது, ஈரத்திலும் ஓரளவு சூடு தரும், விலை குறைவு. டிராக்கன்ஸ்பெர்க்கில் குளிர்காலம் வறண்ட பருவம், மழை கோடையில்தான், அதனால் இறகு இங்கே நன்றாகவே உழைக்கும். ஆனாலும் காரில் போகும் குடும்பத்துக்குச் செயற்கைப் பையே போதும். தென்னாப்பிரிக்கத் தயாரிப்பான ஃபர்ஸ்ட் அசென்ட், கேப் யூனியன் மார்ட்டின் கே-வே, டெகத்லான் பைகள் எல்லாம் இங்கே கிடைக்கும். எதை எடுத்தாலும் கடையிலேயே உள்ளே புகுந்து பாருங்கள். கால் விரல்கள் முனையை அழுத்தக் கூடாது. தலையைச் சுற்றிக் கயிறு இழுத்து மூடும் ஹூட் வேண்டும், ஜிப்பின் பின்னால் பஞ்சு வைத்த பட்டை வேண்டும். இந்தப் பட்டை இல்லாத பையில் ஜிப் நெடுகக் குளிர் கோடு போட்டதுபோல் ஏறும்.

புதிதாக வாங்கப் பணமில்லையா? 5 டிகிரி பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கலாம், வெளிப் பை அகலமாக இருந்தால். அல்லது மேலே கம்பளி. கோல்டன் கேட் வட்டாரத்தில் பசோத்தோ மக்கள் போர்த்தியிருக்கும் கனமான கம்பளியைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்க் குளிருக்கென்றே உள்ள போர்வை அது. நடந்து போகிறவர்களுக்குக் கனம், காரில் போகிறவர்களுக்கு அருமையான துணை.

5. படுக்கைக்கென்று தனி உடை

பகலில் போட்ட உடையோடு படுக்காதீர்கள். பார்க்க உலர்ந்திருந்தாலும் வியர்வை ஈரம் அதில் இருக்கும். அந்த ஈரம் ஆவியாக உங்கள் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். உள்ளே போடும் பருத்திப் பனியனையும் கழற்றுங்கள், பலர் மறப்பது அதைத்தான். லுங்கி, ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட் எதுவும் வேண்டாம். உலர்ந்த தெர்மல் மேல்கீழ் ஒரு ஜோடி (கம்பளி அல்லது பாலியஸ்டர்), இரவுக்கு மட்டுமென்று பையிலேயே சுருட்டி வைத்த கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லா, கழுத்துக்குக் குழாய்போல் மாட்டும் துணியான பஃப் ஒன்று. இவ்வளவுதான்.

காலுறை இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். இரண்டு ஜோடி மாட்டித் திணிப்பதைவிடத் தளர்வான ஒன்று மேல். ஜாக்கெட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பைக்குள் பிதுங்கினாலும் அதே கதைதான், பையின் பஞ்சு உள்ளிருந்து அமுங்கிவிடும். ஜாக்கெட்டைப் போர்வைபோல் மேலே விரித்துக்கொள்ளுங்கள்.

6. வெப்பக் காற்றை நம்பாதீர்கள்

குளிர்காலத்தில் சில நாள் டர்பனில் திடீரென்று வெயில்காலம் போல் சுடும். உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் விண்ட் அது. கீழிறங்கும் காற்று அழுந்திச் சூடாவதால் ஜூலையில்கூட 30 டிகிரியைத் தொடும். குளிர் விட்டுவிட்டது என்று நினைத்துக் கிளம்பும் நாள் அதுவாகத்தான் இருக்கும். பெர்க் விண்டைத் தொடர்ந்து பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து குளிர்முகப்பு ஒன்று வரும். சில மணி நேரத்தில் வெப்பநிலை சரிந்து, மலையில் பனியும் கொட்டும். அந்த வறண்ட காற்றில் புல்வெளித் தீயும் வேகமாகப் பரவும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து தென்னாப்பிரிக்க வானிலை சேவையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். உங்கள் ஊருக்கல்ல, முகாம் இருக்கும் இடத்துக்கு. கடும்பனி எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கட்டிய கட்டணம் போனால் போகட்டும்.

7. டென்டை எங்கே அடிப்பது

குளிர்காற்று கனமானது, தெளிந்த இரவில் சரிவு வழியே இறங்கி ஓடையோரப் பள்ளத்தில் தேங்கும். தண்ணீர்ப் பக்கம் அழகாக இருக்கும், ஆனால் முகாமிலேயே அதிகக் குளிர் அங்கேதான். இருபது முப்பது மீட்டர் மேலேறினாலே சில டிகிரி வித்தியாசம் தெரியும். அதற்காக மேட்டு முகட்டிலும் அடிக்காதீர்கள், அங்கே காற்று விடாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து ஓடும், ஜூன் நண்பகலில்கூட உச்சிக்கு வராது. மலைக்கோ பாறைக்கோ தெற்குப் புறமாக அடித்த டென்டில் நாளெல்லாம் நிழல், காலை உறைபனி மதியம்வரை உருகாது. கிழக்கும் வடக்கும் திறந்த இடத்தைத் தேடுங்கள். விதானமான மரத்தடி கிடைத்தால் நல்லது, திறந்த வானத்துக்குப் போகும் சூடு குறையும், டென்ட் மேல் பனிப் படலமும் குறையும்.

மூன்று பேருக்குப் பத்துப் பேர் டென்ட் வேண்டாம், சிறியதே சூடு. ஆனால் காற்று வழிகளை அடைக்காதீர்கள். குளிர் வருமே என்று எல்லாவற்றையும் மூடினால் மூச்சு ஈரம் கூரையில் உறைந்து, விடியற்காலை டென்டைத் தொட்டதும் பொடிப்பொடியாகப் பையின் மேல் உதிரும். மேலே இருக்கும் துளையாவது திறந்திருக்கட்டும்.

8. அடுப்பும் சாப்பாடும்

கேஸ் விஷயத்தில் ஒரு கணக்கு. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, ஐசோபியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் 12 வரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. வெறும் பியூட்டேன் குப்பி கோல்டன் கேட்டின் காலை நேரத்தில் பற்றவே பற்றாது. ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த மறையுள்ள குப்பியைக் கேட்டு வாங்குங்கள். இரவு அதை டென்டுக்குள், துணியில் சுற்றி வையுங்கள். விமானத்தில் கேஸ் குப்பி கொண்டுபோக முடியாது. கேப் டவுனிலிருந்து பறந்து வருபவர்கள் இறங்கிய ஊரில் வாங்க நேரம் ஒதுக்கவும்.

உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், 1,900 மீட்டரில் சுமார் 94 டிகிரியில், 3,000 மீட்டரில் 90 டிகிரியில். பருப்பும் அரிசியும் வேக நேரம் பிடிக்கும், கேஸ் தீரும். வறுத்த ரவை, அவல், சேமியா போன்றவற்றைக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே ரவையைத் தாளித்து, முந்திரி போட்டு உலர்த்திக் கட்டிக்கொண்டால், கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் உப்புமா. படுக்கும் முன் அதில் இரண்டு கரண்டி நெய் தாராளமாக விடுங்கள். கொழுப்பு மெதுவாகச் செரித்து இரவு நெடுக எரியும். பசியோடு படுத்தவருக்கு எந்தப் பையும் உதவாது. கடலைமிட்டாய் நாலைந்து தலைமாட்டில் இருக்கட்டும்.

மது வேண்டாம். குடித்ததும் சூடாக உணர்வது, தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு வெளியேறுவதால்தான்.

9. படுக்கும் முன் அரை மணி நேரம்

இந்த அரை மணி நேரத்தை வரிசையாகச் செய்தால் இரவு நிம்மதி.

சாப்பிட்டு முடிந்ததும் ஸ்லீப்பிங் பேக்கை உறையிலிருந்து எடுத்து நாலு உதறு உதறி விரியுங்கள். அமுங்கிய பஞ்சு உப்ப நேரம் வேண்டும், படுக்கும் நொடியில் எடுக்கக் கூடாது.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வையுங்கள். இங்கே எந்த மருந்துக்கடையிலும் ரப்பர் ஹாட் வாட்டர் பாட்டில் கிடைக்கும், நூற்றுச் சொச்சம் ராண்ட்தான். முக்கால்வாசி நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். மூடி ஓரத்தில் ஒரு துளி முத்து கோத்தாலும் அது பைக்குள் போகக் கூடாது. கசியவில்லை என்றால் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, முதலில் பையின் கால் பக்கம் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து உள்ளே போனதும் தொடைகளுக்கு நடுவே இழுத்துக்கொள்ளுங்கள், பெரிய ரத்தக்குழாய்கள் அங்கேதான் மேலாக ஓடுகின்றன. ரப்பர் பாட்டில் இல்லையென்றால் கெட்டியான அகலவாய் ட்ரைட்டன் பிளாஸ்டிக் பாட்டில். மினரல் வாட்டர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிப் பிளக்கும். ஃப்ளாஸ்க் சூட்டை வெளியே விடாது, அதனால் பயனில்லை.

பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், வேண்டாம் என்று தோன்றினாலும். அடக்கிக்கொண்டு கிடந்தால் தூக்கம் வராது. பைக்குள் நுழையும் முன் ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள், அல்லது நின்ற இடத்தில் உட்கார்ந்து எழுங்கள். வியர்க்கும் அளவுக்கு அல்ல, கை கால் கதகதப்பாகும் அளவுக்கு. ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்காது, நீங்கள் கொண்டுபோகும் சூட்டைக் காக்கும், அவ்வளவே. சில்லிட்ட உடம்போடு உள்ளே போனால் அந்தச் சில்லிப்பையும் சேர்த்துத்தான் காக்கும்.

போன், டார்ச் பேட்டரி, தண்ணீர் வடிகட்டி மூன்றும் பைக்குள் இருக்கட்டும். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே தெரியாது. குடிதண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள், பனிக்கட்டி மேலிருந்து கட்டுவதால் காலையில் வாய்ப்பக்கம் அடைக்காது.

ஹூட்டை இழுத்து மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும்படி மூடுங்கள். முகத்தை உள்ளே புதைத்து மூச்சு விடாதீர்கள். முதலில் இதமாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் கழுத்துப் பக்கம் நனைந்துவிடும்.

10. டென்டுக்குள் எரியும் எதுவும் கூடாது

கரி, இம்பாவ்லா (துளையிட்ட தகர டின் அடுப்பு), கேஸ் ஹீட்டர், சமையல் அடுப்பு எதையும் டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பிராய் (கரி நெருப்பில் இறைச்சி சுடுவது) முடிந்து கனன்று கிடக்கும் கரியைத் தட்டில் அள்ளி டென்டுக்குள் வைப்பது, புகை வராததால் ஆபத்தில்லை என்று தோன்றும். அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம். நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். தென்னாப்பிரிக்காவில் குளிர்காலத்தில் இப்படி உயிர்கள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. மூடிய காரில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் இதே ஆபத்து.

11. நள்ளிரவில் குளிரெடுத்தால்

குளிர் உச்சத்துக்குப் போவது விடிவதற்குச் சற்று முன், 5 மணிக்கு மேல். அதற்கு முன்பே விழிப்பு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். எங்கே குளிர்கிறது என்று பாருங்கள். முதுகும் இடுப்பும் என்றால் தரைதான் காரணம்: ரக்சாக், உதிரித் துணி, காரின் கால்மிதி எதுவானாலும் உங்களுக்குக் கீழே நுழைத்துக்கொள்ளுங்கள். பாதம் என்றால் ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட்டுப் பையின் கால் முனையை அதற்குள் செருகுங்கள். உடம்பு முழுக்க என்றால் கடலைமிட்டாய் சாப்பிட்டு, படுத்தபடியே வயிற்றுத் தசைகளை இறுக்கி விடுங்கள், பாட்டிலுக்கு மறுபடி வெந்நீர் ஊற்றுங்கள். அடுப்பை வெளியே வைத்து.

கூட இருப்பவரைக் கவனியுங்கள். நடுக்கம், குழறிய பேச்சு, ஜிப்பைப் பிடிக்க முடியாத விரல்கள், தள்ளாட்டம் இவை உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதன் அடையாளங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஈர உடையை மாற்றி, இரண்டு மேட் மேல் படுக்கவைத்து, இருக்கும் எல்லாவற்றையும் போர்த்துங்கள். விழித்து விழுங்க முடிந்தால் இனிப்பான சூட்டுப் பானம் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள், நெருப்பருகே இழுக்காதீர்கள். கைபேசியில் அவசர எண் 112. முகாமில் என்றால் உடனே அலுவலகத்தை எழுப்புங்கள்.

12. குழந்தைகளும் பெரியவர்களும்

சிறு உடம்பு சீக்கிரம் சூடிழக்கும், குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. பெரியவர் பையில் குழந்தையைப் படுக்கவைத்தால் கால் பக்கம் வெற்றிடம் மிஞ்சும். அதைக் கயிற்றால் கட்டி மடக்குங்கள், காலி இடத்தையும் அந்தச் சின்ன உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையை உங்கள் பைக்குள் சேர்த்துப் படுக்கவைக்காதீர்கள், மூச்சுத் திணறும். கைக்குழந்தை இருக்கும்வரை அறை எடுத்துத் தங்குவதே சரி. இதய நோய், சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இது வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு வெந்நீர் பாட்டில் சுடுவதே தெரியாது.

13. காலையிலும் வீட்டிலும்

எழுந்தவுடன் பையைச் சுருட்டாதீர்கள். இரவின் ஈரம் அதில் இருக்கிறது. வெயில் ஏறியதும், 10 மணி வாக்கில், உட்புறத்தை வெளியே திருப்பிக் கயிற்றில் ஒரு மணி நேரம் போடுங்கள். இரண்டாம் இரவு முதல் இரவைவிடக் குளிராக இருந்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாதவர்கள். புறப்படும்போது சாலையைப் பற்றி முகாம் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வான் ரீனனிலும் ஒலிவியர்ஸ்ஹூக் கணவாயிலும் காலை நேர நிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். அவசரமில்லை என்றால் 9 மணிக்குப் பிறகு கிளம்பலாம்.

வீட்டுக்கு வந்ததும் டென்டையும் பையையும் இன்னொரு முறை முழுக்க உலர்த்துங்கள். டர்பனின் கடற்காற்று ஈரத்தில் சுருட்டி வைத்த டென்டில் இரண்டே வாரத்தில் பூஞ்சை கட்டும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறை இரண்டைச் சேர்த்துத் தைத்த பையில் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வருடம் முழுக்க அமுங்கிக் கிடந்த பஞ்சு அடுத்த ஆடியில் எழும்பாது.